பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸுக்கு ஃபிஷ் சாஸ், கொச்சுஜாங், மிசோ: சாஸை எப்போது சேர்ப்பது?

மார்கழிப்பனி (டொராண்டோ)

எல்லாருக்கும் வணக்கம். அக்டோபர் பிறந்துவிட்டது, இங்கே கடையெல்லாம் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸ், அதாவது குட்டிக் கோசு, குவிந்து கிடக்கிறது. போன வாரம் ஓர் உணவகத்தில் ஃபிஷ் சாஸ், எலுமிச்சை, புதினா போட்டுச் செய்ததைச் சாப்பிட்டோம். வெட்டிய முகம் கருஞ்சிவப்பாகச் சிவந்திருந்தது, உள்ளே வெண்ணெய் மாதிரி மெத்தென்று இருந்தது. கோசு என்றாலே முகம் சுளிக்கிற என் மகன் இன்னொரு தட்டு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

அதை வீட்டில் செய்ய வேண்டும். இணையத்தில் பார்த்தால் பாதிப் பேர் சாஸில் புரட்டி அவனில் (ஓவன் அடுப்பில்) வை என்கிறார்கள், மீதிப் பேர் வெந்த பிறகு ஊற்று என்கிறார்கள். எது சரி, ஏன்? ஃபிஷ் சாஸ் மட்டுமல்ல, கொச்சுஜாங் (கொரிய மிளகாய் விழுது), மிசோ (ஜப்பானின் புளித்த சோயா விழுது), சோயா சாஸ் எதுவானாலும் அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

இரும்புச்சட்டி (நியூஜெர்சி)

அக்கா, வெந்த பிறகுதான். இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

காய் சிவக்க வேண்டுமானால் அதன் மேற்பரப்பில் ஈரம் இருக்கக் கூடாது. தண்ணீர் இருக்கிறவரை அந்த இடம் 100 டிகிரியை (எல்லாம் செல்சியஸ் கணக்கு) தாண்டாது. சிவப்பும் மணமும் வருவதோ 140 டிகிரிக்கு மேலேதான். சாஸில் புரட்டி வைத்தால் முதல் பத்து நிமிடம் அந்தச் சாஸின் தண்ணீர் வற்றுவதிலேயே போய்விடும், காய் ஆவியில் வேகும். தண்ணீர் வற்றி முடிந்ததும் சாஸில் உள்ள சர்க்கரை தட்டில் ஒட்டிக் கரியும். காய் சிவக்காமலே சாஸ் கருகிவிடும்.

நான் செய்கிற முறை இது. 500 கிராம் காய், சின்னதாக, இறுக்கமாக இருப்பதாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள். காம்பு நுனியைச் சீவி, பழுத்த இலைகளை உரித்துவிட்டு, நெடுக்கே இரண்டாக வெட்டுங்கள். கழுவினால் துணியில் ஒற்றி நன்றாக உலர்த்துங்கள். அவனை 220 டிகிரிக்கு வையுங்கள், விசிறி உள்ள அவன் என்றால் 200. இரும்புத் தட்டைக் காலியாக உள்ளே வைத்துச் சூடாக்குங்கள். காயை இரண்டு டேபிள்ஸ்பூன் எண்ணெயில் புரட்டி, வெட்டிய முகம் தட்டைத் தொடும்படி ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வையுங்கள். வைக்கும்போதே சொய்யென்று சத்தம் கேட்க வேண்டும். ஒன்றுக்கொன்று இடைவெளி இருக்கட்டும். நெருக்கினால் ஒன்றின் ஆவி இன்னொன்றை நனைக்கும்.

20 முதல் 25 நிமிடம். நடுவில் கிளறவே வேண்டாம். 15 நிமிடம் ஆனதும் ஒன்றை மட்டும் கத்தி முனையால் தூக்கிப் பாருங்கள். தேன் நிறத்தில் இருந்தால் இன்னும் நேரமாகவில்லை. விளிம்பில் இலை அடுக்கெல்லாம் கருத்து, நடுத்தண்டு காப்பிக்கொட்டை நிறத்துக்கு வந்தால் எடுத்துவிடலாம். உப்பு போட வேண்டாம், ஃபிஷ் சாஸில் இருப்பதே போதும்.

சாஸ்: ஃபிஷ் சாஸ் 2 டேபிள்ஸ்பூன், வெதுவெதுப்பான தண்ணீர் 2 டேபிள்ஸ்பூன், சர்க்கரை ஒன்றரை டேபிள்ஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒன்றரை டேபிள்ஸ்பூன், பூண்டு ஒரு பல் பொடியாக நறுக்கியது, காந்தாரி மிளகாய் அல்லது ஊசி மிளகாய் ஒன்றிரண்டு. முதலில் வெந்நீரில் சர்க்கரையைக் கரையுங்கள், எலுமிச்சை கடைசியில். காயை அவனிலிருந்து எடுத்து அகலப் பாத்திரத்தில் கொட்டி, சூடு ஆறுவதற்குள் இதில் முக்கால் பங்கை ஊற்றிக் குலுக்குங்கள். சூட்டில் இலையிடுக்கு சாஸை உறிஞ்சிக்கொள்ளும். மீதியைச் சாப்பிடும்போது பார்த்துச் சேர்க்கலாம். மேலே புதினா, கொத்தமல்லித் தண்டு.

சைகோன்வாசி (ஹோ சி மின் நகரம்)

இரும்புச்சட்டி அண்ணன் சொன்ன முறை சரி. ஆனால் ஒரு விஷயத்தை வலியுறுத்திச் சொல்ல ஆசை. பலரும் இதை 'ஆசியச் சுவை' என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போவது எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை. அவர் எழுதிய சாஸ் வியட்நாமின் நூக் சாம். ஃபிஷ் சாஸ், சர்க்கரை, எலுமிச்சை, தண்ணீர், பூண்டு, மிளகாய். இந்த ஊரில் சாப்பாட்டு மேசை எங்கே போனாலும் இது ஒரு சின்னக் கிண்ணத்தில் வந்துவிடும். தெற்கே இனிப்புத் தூக்கலாக இருக்கும், தண்ணீருக்குப் பதில் இளநீர் ஊற்றுகிறவர்களும் உண்டு. வடக்கே இனிப்பு குறைவு.

கோசுக்கும் மீன் சாஸுக்கும் உள்ள உறவும் புதிதல்ல. ஹனோய் பக்கத்து வீடுகளில் கோசைத் தண்ணீரில் வேகவைத்து, ஃபிஷ் சாஸில் ஓர் அவித்த முட்டையை மசித்து, அதில் தொட்டுச் சாப்பிடுவார்கள். வேகவைத்த தண்ணீரே சூப். இதைவிட எளிமையான சாப்பாடு கிடையாது, அவ்வளவு ருசி. தாலாத் மலைப்பகுதி 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பிரஸ்ஸல்ஸ் ஸ்ப்ரவுட்ஸும் அங்கே விளைகிறது. சந்தையில் 'குட்டிக் கோசு' என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

ஃபிஷ் சாஸ் வாங்கும்போது பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள். நெத்திலி, உப்பு இந்த இரண்டு மட்டும் இருந்தால் நல்லது. 30, 40 என்று ஓர் எண் போட்டிருந்தால் அது ஒரு லிட்டரில் எத்தனை கிராம் நைட்ரஜன் என்பதைக் குறிக்கும். எண் கூடக்கூடப் புரதம் அதிகம், சுவை ஆழம். ஃபூ குவோக் தீவில் நெத்திலியை உப்போடு மரத்தொட்டியில் ஒரு வருடம் போல ஊறவைத்து வடிக்கிறார்கள். வாசனையை வைத்துப் பயப்படாதீர்கள், எலுமிச்சை பட்டதும் அது அடங்கிவிடும்.

இரும்புச்சட்டி

சைகோன்வாசி சொல்வதை முழுமனதோடு ஏற்கிறேன். அமெரிக்காவில் இந்தச் சேர்க்கை பரவியதற்குப் பெரிய காரணம் நியூயார்க்கில் சமையற்கலைஞர் டேவிட் சாங் நடத்திய மோமோஃபுகு உணவகங்கள். நூடுல் பார் 2004-ல், ஸ்ஸாம் பார் 2006-ல் திறந்தன. சாங் கொரிய வம்சாவளி. அவர் சமையலறையில் வியட்நாம் வகைச் சாஸும், ஜப்பானின் ஏழு பொருள் மிளகாய்த்தூளில் புரட்டிய அரிசிப்பொரியும் ஒரே தட்டில் ஸ்ப்ரவுட்ஸோடு சேர்ந்தன. பன்றி இறைச்சியும் கிம்ச்சியும் (கொரியப் புளித்த கோசு) சேர்த்த ஸ்ப்ரவுட்ஸும் அங்கே உண்டு. அதற்குப் பிறகு அமெரிக்க மெனுக்களில் இந்தக் காய்க்குத் தனி இடம் வந்துவிட்டது.

அந்தப் பொரியை விட்டுவிடாதீர்கள். காலை உணவுக்கான அரிசிப்பொரியைத்தான் அவர்கள் பயன்படுத்தினார்கள். நம் இந்தியக் கடையில் கிடைக்கிற பொரி அதற்கு இன்னும் பொருத்தம். ஒரு கைப்பிடிப் பொரியைக் கால் டீஸ்பூன் எண்ணெய், மிளகாய்த்தூள், எள், கொஞ்சம் காய்ந்த ஆரஞ்சுத்தோல் பொடியோடு வாணலியில் மொறுமொறுப்பாக வறுத்து, பரிமாறும் நிமிடத்தில் தூவுங்கள். முன்கூட்டியே தூவினால் சாஸில் நமத்துப்போகும்.

சைவம்மட்டும் (பெங்களூரு)

நாங்கள் மீன் சேர்ப்பதில்லை. சோயா சாஸ் மட்டும் ஊற்றினால் அந்த ஆழம் வருமா? இங்கே ஊட்டிக் காய்கறி விற்கிற கடையில் ஸ்ப்ரவுட்ஸ் கிடைக்கிறது, ஆனால் கசப்பாக இருக்கும் என்று வீட்டில் தயங்குகிறார்கள்.

சைகோன்வாசி

வரும். வியட்நாமில் பௌர்ணமி, அமாவாசைக்குச் சைவம் சாப்பிடுகிறவர்கள் நிறையப் பேர். அவர்களுக்காகவே சைவ நூக் மாம் (ஃபிஷ் சாஸின் வியட்நாம் பெயர்) கடையில் விற்கிறது, அன்னாசியில் செய்வதும் உண்டு. கிடைக்காவிட்டால் இப்படிச் செய்யுங்கள்: காய்ந்த ஷிடாகே காளான் மூன்று, கோம்பு கடற்பாசி ஒரு சிறு துண்டு, ஒரு கப் தண்ணீரில் இரவு ஊறட்டும். காலையில் வடிகட்டிப் பாதியாகச் சுண்டவைத்து, லைட் சோயா சாஸ் 2 டேபிள்ஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன். இதை ஃபிஷ் சாஸ் அளவுக்குப் பயன்படுத்தலாம். கோம்புவில் குளூட்டமேட், காய்ந்த காளானில் குவனிலேட், இரண்டும் அந்த ஆழச் சுவையைத் தருகிற சேர்மங்கள். இரண்டும் சேரும்போது தனித்தனியாக இருப்பதைவிடச் சுவையைப் பல மடங்கு தூக்கிக் காட்டும். 1908-ல் கோம்புவிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்து, அந்தச் சுவைக்கு உமாமி என்று பெயர் வைத்தவர் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா.

விதைநெல் (வாகனிங்கன், நெதர்லாந்து)

கசப்பைப் பற்றி நான் சொல்கிறேன், விதைத் துறையில் வேலை செய்கிறேன்.

அந்தக் கசப்பு குளூக்கோசினோலேட் என்ற சேர்மங்களால் வருவது. இந்தக் காயில் முக்கியமானவை சினிக்ரின், புரோகோய்ட்ரின் என்ற இரண்டும். 1990-களில் இங்கே நெதர்லாந்தில் ஹான்ஸ் வான் டோர்ன் என்ற விஞ்ஞானி ஒரு விதை நிறுவனத்தில் இருந்தபோது இதை உறுதிப்படுத்தினார். அப்புறம் விதை நிறுவனங்கள் தங்கள் சேமிப்பில் இருந்த பழைய ரகங்களைத் தேடி, கசப்புக் குறைந்தவற்றை எடுத்து, விளைச்சல் அதிகமுள்ள புது ரகங்களோடு கலப்பினம் செய்தார்கள். இன்று கடைக்கு வருகிற ஸ்ப்ரவுட்ஸ் உங்கள் பெற்றோர் காலத்துச் சரக்கு இல்லை. சிறு வயதில் சாப்பிட்டு வெறுத்தவர்கள் ஒருமுறை திரும்பச் சாப்பிட்டுப் பார்க்கலாம்.

சினிக்ரின் நமக்குப் பழக்கமானதுதான். கடுகிலும் அதே இருக்கிறது. வெட்டும்போது செல் உடைந்து மைரோசினேஸ் என்ற நொதி அதைத் தொட்டதும் மூக்கில் ஏறுகிற கடுகுக் காரம் உண்டாகிறது. பச்சையாக மெல்லிசாகச் சீவி சாலட் செய்தால் அந்தக் காரம் தெரியும். பெரிய சூட்டில் சீக்கிரம் வாட்டினால் நொதி செயலிழந்துவிடும். தண்ணீரில் நீண்ட நேரம் வேகவைக்கும்போதுதான் கந்தகச் சேர்மங்கள் வெளிப்பட்டு வீடு முழுக்க அந்த வாடை அடிக்கிறது.

இன்னொன்று: உறைபனி பட்ட காய் இனிக்கும். குளிரைத் தாங்க அந்தச் செடி தன்னிடம் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக மாற்றிக்கொள்ளும். மார்கழிப்பனி அக்கா, நவம்பர் கடைசியில் வாங்கிப் பாருங்கள், அக்டோபர் காய்க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியும். அப்போது சாஸில் சர்க்கரையைக் குறைத்துக்கொள்ளலாம். அதோடு கசப்பு உணர்வதில் மரபணு வேறுபாடும் உண்டு. சிலர் நாக்குக்கு மற்றவர்களைவிடக் கூடுதலாகக் கசக்கும். சாப்பிட மறுக்கிற பிள்ளையைப் பிடிவாதம் என்று திட்ட வேண்டாம்.

மிளகுக்கொடி (சிங்கப்பூர்)

விதைநெல் ஐயாவிடம் ஒரு சந்தேகம். இங்கே ஹாக்கர் சென்டரில் கைலான் கீரையைப் பூண்டும் ஆய்ஸ்டர் சாஸும் போட்டு வதக்கித் தருவார்கள். அதுவும் இதே குடும்பம்தானே?

விதைநெல்

குடும்பம் மட்டுமில்லை, ஒரே இனம். பிராசிக்கா ஒலரேசியா. முட்டைகோசு, காலிஃபிளவர், புரோக்கோலி, நூல்கோல், கைலான், ஸ்ப்ரவுட்ஸ் எல்லாம் அந்த ஒரே செடியை ஊர் ஊராக மனிதர்கள் வெவ்வேறு விதமாகத் தேர்ந்தெடுத்து வளர்த்ததால் வந்தவை. பிரஸ்ஸல்ஸ் பக்கத்தில் தண்டோரத்து மொட்டுகளைப் பெருக்க வைத்தார்கள், சீனத்தின் தெற்கே தண்டையும் இலையையும்.

மிளகுக்கொடி

அப்படியென்றால் கைலானுக்குச் செய்வதெல்லாம் இதற்கும் பொருந்தும். எனக்கு அவனில் வைக்கப் பொறுமை இல்லை, நான் வாணலிக் கட்சி. சீனத்தின் சிச்சுவான் பக்கம் பீன்ஸை உலர வறுப்பார்கள், அதே முறை. காயைப் பாதியாக வெட்டி, மூன்று டேபிள்ஸ்பூன் எண்ணெயில் மிதமான தீயில் தோல் சுருங்கிப் புள்ளி புள்ளியாகக் கருக்கும்வரை எட்டு பத்து நிமிடம் புரட்டுங்கள். எடுத்து வைத்துவிட்டு, அதே எண்ணெயில் கிள்ளிய வரமிளகாய், ஒரு டீஸ்பூன் சிச்சுவான் மிளகு, இஞ்சி, பூண்டு. மிளகாய் கருகக் கூடாது, செம்மண் நிறம் வந்ததும் காயைத் திரும்பப் போட்டுத் தீயை முழுதாகக் கூட்டுங்கள். ஒரு டீஸ்பூன் சோயா சாஸ். கடைசியில் கறுப்பு வினிகர் ஒரு டேபிள்ஸ்பூனை வாணலியின் ஓரத்தில் சுற்றி விடுங்கள். சுடுகிற இரும்பில் பட்டு அது ஆவியாகிற மணமே பாதி ருசி.

அவசரத்துக்கு, ஒரு ஸ்பூன் லாவ் கான் மா மிளகாய் எண்ணெயை வறுத்த காயின் மேல் போட்டாலே போதும். அதில் மொறுமொறு மிளகாயும் புளிக்கவைத்த சோயாவும் ஏற்கெனவே இருக்கிறது.

வன்னிமகள் (லண்டன்)

இங்கே கிறிஸ்மஸ் மாதம் தண்டோடு விற்பார்கள், ஒரு முழ நீளத் தண்டைச் சுற்றி அடுக்கடுக்காகக் காய். வெள்ளைக்காரர் அதன் அடியில் கத்தியால் சிலுவைக்குறி போட்டு அவிப்பார்கள். அது தேவையே இல்லை, தண்ணீர் உள்ளே இறங்கிக் காய் சொதசொதவென்று ஆகிவிடும்.

எங்கட வீட்டில் இதைக் கோவா (முட்டைகோசு) வறை மாதிரித்தான் செய்வோம். குறுணியாக அரிந்து, தாச்சியில் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், கறிவேப்பிலை வதக்கி, காயைப் போட்டு மூடாமல் கிளறி, தேங்காய்ப்பூவும் மஞ்சளும் கடைசியில். இடித்த மாசிக் கருவாடு ஒரு கரண்டி சேர்த்தால் அதன் ருசியே வேறு. நூக் சாமுக்கு நெத்திலி செய்கிற வேலையை எங்களுக்கு மாசி செய்கிறது. ஃபிஷ் சாஸ் வாங்கத் தயங்குகிறவர்கள் மாசியை வைத்துத் தொடங்கலாம்.

இரும்புச்சட்டி

வன்னிமகள் அக்கா, மாசி அருமையான யோசனை. ஜப்பானியர் ஒகோனோமியாகி என்ற கோசு அடைக்கு மேல் தூவுகிற கட்சுவோபுஷியும் மாசி போலவே உலர்த்திய சூரைவகை மீன்தான். வாட்டிய ஸ்ப்ரவுட்ஸின் சூட்டில் அந்த மீன் சீவல் நெளிந்து ஆடும். பிள்ளைகளுக்கு அதைப் பார்க்கவே பிடிக்கும்.

மார்கழிப்பனி

எல்லாரும் இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு மிக்க நன்றி. கொச்சுஜாங்குக்கும் இதே விதியா? வீட்டில் ஒரு சிவப்பு டப்பா திறந்தபடி இருக்கிறது. அதோடு கொரியச் சமையலில் சொல்கிற எள்ளெண்ணெய்க்கு நம் நல்லெண்ணெயை ஊற்றலாமா?

இரும்புச்சட்டி

கொச்சுஜாங்கில் பசையரிசி, மால்ட், சோயா, மிளகாய் எல்லாம் சேர்ந்து புளித்திருக்கும். இனிப்பு அதிகம், அதனால் இன்னும் சீக்கிரம் கரியும். ஆனால் பச்சையாக ஊற்றினால் மாவு வாடை வரும். அதனால் இதற்கு மட்டும் நடுவழி. 500 கிராம் காய்க்குக் கொச்சுஜாங் ஒரு டேபிள்ஸ்பூன், தேன் ஒரு டேபிள்ஸ்பூன், சோயா சாஸ் 2 டீஸ்பூன், அரிசி வினிகர் 2 டீஸ்பூன், தண்ணீர் ஒரு டேபிள்ஸ்பூன். காய் முழுதாகச் சிவந்த பிறகு இதில் புரட்டி மறுபடியும் அவனில் மூன்று நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஓரத்தில் குமிழ் விட்டுப் பளபளவென்று ஒட்டிக்கொள்ளும்.

மிசோவுக்கு அவனே வேண்டாம். வெள்ளை மிசோ ஒரு டேபிள்ஸ்பூன், வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன் இரண்டையும் குழைத்துச் சுடுகாயின் மேல் போட்டுக் குலுக்கினால் தானே உருகிப் பூசிக்கொள்ளும்.

எள்ளெண்ணெய் விஷயத்தில் கவனம். கொரிய, சீன எள்ளெண்ணெய் எள்ளை நன்றாக வறுத்துப் பிழிந்தது. கரும்பழுப்பாக இருக்கும், கடைசியில் மணத்துக்கு ஒரு டீஸ்பூன் விடுவார்கள். நம் நல்லெண்ணெய் வறுக்காத எள்ளைக் கருப்பட்டியோடு செக்கில் ஆட்டியது, மணம் வேறு. நல்லெண்ணெய் மட்டும்தான் இருக்கிறதென்றால் ஒரு ஸ்பூன் எள்ளைக் கருஞ்சிவப்பாக வறுத்துப் பொடித்துத் தூவுங்கள், அந்த மணம் கிட்டத்தட்ட வந்துவிடும்.

சைவம்மட்டும்

ஏர் ஃபிரையரில் செய்யலாமா? உறைய வைத்த பாக்கெட் காயும் சரியா?

மிளகுக்கொடி

ஏர் ஃபிரையரில் 190 டிகிரி, 12 முதல் 15 நிமிடம், நடுவில் ஒருமுறை குலுக்குங்கள். கூடையில் ஒரே அடுக்கு. உறைந்த காயை உருகவிடாமல் நேராகச் சூட்டில் போடுங்கள். உருகினால் தண்ணீர் கோத்துவிடும். ஆனாலும் புதுக்காய் மாதிரி மொறுமொறுப்பு வராது, எதிர்பார்க்க வேண்டாம். அதற்குக் கொச்சுஜாங் மாதிரிக் கெட்டிச் சாஸ்தான் பொருத்தம்.

உரிந்து விழுகிற இலைகளைக் குப்பையில் போடாதீர்கள். எண்ணெய் தடவித் தனித்தட்டில் ஆறு ஏழு நிமிடம் வைத்தால் அப்பளம் போல நொறுங்கும்.

வன்னிமகள்

ஒரு முக்கியமான விசயம். என் மாமனார் வார்ஃபரின் குடிக்கிறவர். இந்தக் காயில் வைட்டமின் கே நிறைய. இரத்தம் உறையாமல் இருக்க அந்த மாத்திரை எடுப்பவர்கள் திடீரென்று நிறையச் சாப்பிடக் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது. வாரா வாரம் ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று அவருடைய மருத்துவர் சொன்னவர். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் கேட்டுவிட்டுச் செய்யுங்கோ.

மார்கழிப்பனி

நல்ல வேளை சொன்னீர்கள் அக்கா, அப்பாவுக்கும் அதே மாத்திரைதான். அவருடைய மருத்துவரிடம் பேசிவிட்டே செய்கிறேன். கடைசியாக ஒன்று: நூக் சாமை எத்தனை நாள் வைத்திருக்கலாம்? மிச்சமான காயை மறுநாள் என்ன செய்வது?

சைகோன்வாசி

எலுமிச்சையும் பூண்டும் சேர்க்காமல் ஃபிஷ் சாஸ், சர்க்கரை, தண்ணீர் மட்டும் கலந்து பிரிட்ஜில் வைத்தால் ஒரு வாரத்துக்கு மேல் நன்றாக இருக்கும். தேவையானபோது எடுத்து எலுமிச்சை பிழியுங்கள். பிழிந்து வைத்த சாறு மறுநாளே கசக்கத் தொடங்கும்.

மிச்சக் காயைச் சூடு பண்ணினால் துவண்டுவிடும். கொத்தி, பழைய சோறு, ஒரு முட்டையோடு வாணலியில் பெரிய தீயில் கிளறிவிடுங்கள். காயில் சாஸ் ஏறியிருக்கும், அதனால் தனியாக உப்பு போடுவதற்கு முன் வாயில் வைத்துப் பாருங்கள்.